உயிர் காக்கும் கருவிகளை ஆக்குவோர் யாவர்?



சித்தூரிலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், பாஹுதா ஆற்றங்கரையில் காணிப்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. இன்று ஆந்திர மாநிலத்தில் இருப்பினும், ஊரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழருக்குப் பொருள் விளங்கிவிடும். காணி என்பது நிலத்தின் அளவு அல்லவா? அவ்வூர் விநாயகர் கோயிலைப் பற்றி வழங்கும் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஒரு காணி நிலத்தை உழுது பிழைத்த சகோதரர் மூவர் அங்கே இருந்தனராம். ஒருவருக்குக் கண் தெரியாது. ஒருவருக்குக் காது கேளாது. மற்றொருவருக்குப் பேச வராது. கிணறு வற்றியபோது அதனை ஆழப்படுத்த முனைந்தனர். மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. கல்லிலிருந்து குருதி பெருகிற்று. அந்நீர் பட்டதும் மூவர் குறையும் நீங்கிற்று என்பது கதை.

இக்கதையில் என் மனம் பெரிதும் நாடுவது அற்புதம் நிகழ்ந்த நாளை அன்று. அதற்கு முந்தைய நாட்களையே. அம்மூவரும் நாள்தோறும் ஏற்றம் இறைத்தனர் என்கிறார்கள். ஏற்றம் தனியாள் தொழில் அன்று. துலாவின்மேல் நடப்பவர் ஒருவர், சாலைப் பிடித்துக் கவிழ்ப்பவர் ஒருவர், மடை திருப்புபவர் ஒருவர் என மூவரின் கையும் காலும் ஒரே கணக்கில் இயங்க வேண்டும். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேளார். ஆயினும் நிலத்திற்கு நீர் பாய்ந்தது. எப்படி என்பதை இன்று நான் பேசப் புகும் பொருள் ஓரளவு விளக்கக் கூடும்.

பொருள் இதுதான். நோயாளியின் உடலுக்குள் வைக்கப்படும் கருவிகளையும், உடலின்மேல் பொருத்தப்படும் கருவிகளையும் செய்கின்ற நிறுவனங்களின் உயர் பதவிகளில் அமர்ந்திருப்போர் யாவர்? அவர்கள் என்ன படித்தவர்கள்? எங்கிருந்து வந்தவர்கள்?

இக்கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் சித்தூரில் வாழும் என் பெரியம்மா. இளமையில் மூட்டு வாதக் காய்ச்சல் கண்டு, அதன் பயனாக இதயத்தின் வால்வு ஒன்று கெட்டுப்போய், நடு வயதில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர் அவர். சென்ற ஆண்டு காணிப்பாக்கத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்த அவரை அழைத்துச் சென்றிருந்தேன். குளத்தங்கரைப் படியில் இளைப்பாறியபோது, “தம்பி, ராத்திரி ஊர் அடங்கினபின் என் நெஞ்சுக்குள்ளே அது தட்டுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. அதைச் செய்தவர் டாக்டரா, இஞ்சினீரா, வியாபாரியா?” என்று கேட்டார். உடனே விடை சொல்ல இயலவில்லை. கலைப் பட்டதாரியாகிய எனக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் தொழிலால் நான் மொழிபெயர்ப்பாளன். மத்திய அரசின் பணியில் இருப்பவன். கருவித் தொழில் பற்றிய தாள்கள் சில என் மேசைக்கும் வந்ததுண்டு. அவற்றிலிருந்து தொடங்கித் தேடிப் படித்ததையே இன்று சொல்கிறேன்.

இத்தகைய தாள்களில் உயர் அலுவலர்களை அறிமுகம் செய்யும் பக்கம் ஒன்று தவறாமல் இருக்கும். தலைவர், நிருவாக இயக்குநர், ஆராய்ச்சித் தலைவர், தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், விற்பனைத் தலைவர் என வரிசையாகப் பெயர்கள்; ஒவ்வொரு பெயரின் கீழும் பட்டங்கள், முன்பு பார்த்த வேலைகள். ‘ரெகுலேட்டரி அஃபேர்ஸ்’ என்றொரு பதவியும் அதில் உண்டு. முதன்முறை அதனை ‘ஒழுங்கு விவகாரத் தலைவர்’ என்று பெயர்த்துவிட்டேன். என் மேலதிகாரி படித்துவிட்டு, “இவர்மேல் ஏதேனும் ஒழுங்கு நடவடிக்கை நடக்கிறதா?” என்று வினவினார். உண்மையில் அவர் அரசின் உரிமங்களையும் சட்டவிதிகளையும் கவனிப்பவர். நிற்க.

இப்பக்கங்களைப் பல முறை படித்தால் ஒன்று புலனாகும். இத்தொழிலின் தலைமைக்கென்று தனிப்பட்ட ஒரு படிப்பு இல்லை. வழக்கறிஞராக வேண்டின் சட்டம் படிக்க வேண்டும். மருத்துவராக வேண்டின் மருத்துவம் படிக்க வேண்டும். மருத்துவக் கருவி நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர்களோ பல திசைகளிலிருந்து வந்திருக்கிறார்கள். முதலில் உலகப் புகழ் பெற்ற ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லிவிட்டு நம் நாட்டுக்கு வருகிறேன்.

1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில், முப்பத்திரண்டு வயதினரான ஆல்பர்ட் ஸ்டார் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணரை அறுபது வயது முதியவர் ஒருவர் காண வந்தார். அவர் பெயர் லோவெல் எட்வர்ட்ஸ். நீர் முதலிய திரவங்களின் ஓட்டத்தை ஆளும் பொறிகளில் வல்லவர். விமானங்களுக்கு எரிபொருள் ஏற்றும் பம்பு உள்ளிட்டவற்றுக்காக 63 காப்புரிமைகள் பெற்றவர். ஓய்வு பெற்ற பொறியாளர். இளமையில் அவருக்கும் வாதக் காய்ச்சல் வந்ததுண்டு. “செயற்கை இதயம் ஒன்று செய்வோம்” என்றார் எட்வர்ட்ஸ். “முழு இதயம் பிறகு ஆகட்டும், முதலில் ஒரு வால்வு செய்யுங்கள்” என்றார் ஸ்டார். மருத்துவரின் பங்கு இங்கே எதுவென்று பாருங்கள். நோயாளிக்கு எது இன்றே வேண்டும் என்பதை அவரே அறிவார். குழாயினுள் திரவம் எங்கே சுழலும், எங்கே தேங்கும் என்பதைப் பொறியாளர் அறிவார். 1960ஆம் ஆண்டில் அவ்வால்வு மனிதர் இதயத்தில் வைக்கப்பட்டது. செப்டம்பரில் அதனைப் பெற்ற நோயாளி சுமார் பத்தாண்டு வாழ்ந்து, ஏணியிலிருந்து தவறி விழுந்து இறந்தார். வால்வு அவரைக் கைவிடவில்லை. எட்வர்ட்ஸ் தொடங்கிய நிறுவனம் அவர் பெயராலேயே இன்றும் நடைபெறுகிறது.

மின்னிசை ஊட்டி என்று சொல்லத்தக்க பேஸ்மேக்கரின் கதையும் இதைப் போன்றதே. மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்க 1949இல் மினியாபொலிசில் ஒரு கார்க் கொட்டகையில் கடை வைத்த ஏர்ல் பாக்கன் என்பவர், மின்னியல் படித்தவர். அவர் கூட்டாளியோ மரவாடியில் பணிபுரிந்த மைத்துனர். முதல் மாத வரும்படி எட்டு டாலர். 1957 அக்டோபர் 31 அன்று அந்நகரில் மின்சாரம் நின்றுபோனது. சுவரிலுள்ள மின்சாரத்தால் இயங்கிய கருவியை நம்பியிருந்த குழந்தை ஒன்று உயிரிழந்தது. லில்லஹை என்னும் நிபுணர் பாக்கனை அழைத்து, மின்கலத்தால் இயங்கும் கருவி வேண்டும் என்றார். நான்கு வாரங்களில் பாக்கன் அதைச் செய்து கொடுத்தார். அக்கடையே மெட்ரானிக் என்னும் பெருநிறுவனம் ஆயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். என் பெரியம்மாவின் நெஞ்சில் துடிப்பது சித்ரா வால்வு. அதன் வரலாறு திருவனந்தபுரத்தில் தொடங்குகிறது.

மாவேலிக்கரையில் 1934இல் பிறந்த எம். எஸ். வலியத்தான் திருவனந்தபுரத்தில் மருத்துவம் பயின்று, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதய அறுவைச் சிகிச்சையில் தேர்ச்சி பெற்றார். 1974இல் திருவனந்தபுரத்தில் தொடக்க நிலையிலிருந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு வருவோர் பெரும்பாலும் இளைஞர், பெரும்பாலும் ஏழைகள். அயல்நாட்டு வால்வின் விலை அவர்க்கு எட்டாதது. வால்வை இங்கேயே செய்வதென்று முடிவாயிற்று. மருத்துவமனையோடு ஆராய்ச்சிப் பிரிவொன்றும் எழுந்தது. பூஜப்புரையில் அரச குடும்பத்தாரின் சாட்டல்மண்டு அரண்மனையில் அது அமைந்தது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்நிலையம் தேசிய முக்கியத்துவம் பெற்றது.

வால்வு செய்யும் குழுவுக்குப் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் தலைமை தாங்கினார். குழுவில் உலோகம் அறிந்தவரும், பிளாஸ்டிக் அறிந்தவரும், குருதியின் தன்மை அறிந்தவரும் இருந்தனர். மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வது அந்நாளில் நம் நாட்டில் அரிது. இருவருக்கும் மொழியே வேறு. மருத்துவர் ‘குருதி உறைகிறது’ என்பார். பொறியாளர் ‘ஓட்டம் தேங்குகிறது’ என்பார். இரண்டும் ஒரே செய்திதான் என்று இருவரும் உணரவே காலம் பிடிக்கும். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

முதல் முயற்சிகள் தோற்றன என்பதைச் சொல்லாமல் விடலாகாது. டைட்டேனியம் சட்டம் தேய்ந்தது. தகட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்து பார்த்தனர். அது விலங்கின் இதயத்தில் உடைந்தது. ஒரு முறை உடைந்தாலே போதும். மனிதர் உயிர் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். நான்காவது வடிவத்தில் கோபால்ட்டு கலந்த உறுதியான உலோகத்தால் சட்டமும், மிக அடர்ந்த பாலிஎத்திலீனால் தகடும், பாலியெஸ்டர்த் துணியால் தையல் வளையமும் அமைந்தன. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 72 எனக் கொண்டால் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேலும், ஆண்டொன்றுக்கு மூன்றே முக்கால் கோடிக்கு மேலும் அத்தகடு திறந்து மூட வேண்டும். அவ்வாறு கோடிக்கணக்கான முறை விரைவாகத் திறந்து மூடிச் சோதிக்கும் பணியில் பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வுக்கூடமும் துணை நின்றது. விமானத்துக்கும் இதயத்துக்கும் என்ன உறவு என்று நாம் நினைப்போம். தேய்மானம் இரண்டுக்கும் ஒன்றே.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அவ்வால்வு வைக்கப்பட்டது. பின்னர்ப் பல மருத்துவமனைகளில் 306 நோயாளரிடம் சோதனை நடந்தது. அதனைப் பெருமளவில் செய்து விற்கும் பொறுப்பு சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமத்திடம் சேர்ந்தது. 1928இல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய வணிக இல்லம் அது. நம் இல்லங்களில் பிரஷர் குக்கரால் பெயர் பெற்றது. ஆராய்ச்சியாளர் கையில் நின்றுவிட்டால் வால்வு நூறு பேருக்குக் கிடைக்கும். வணிகர் கைக்குச் சென்றதனால்தான் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கிடைத்தது. என் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். (வலியத்தான் பின்னாளில் சரகரையும் சுசுருதரையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். 2024 ஜூலையில் மறைந்தார்.)

இங்கே ஒரு துயரக் கதையையும் கூற வேண்டும். இல்லையேல் நான் சொல்ல வந்தது பாதியாகும். அமெரிக்காவில் ஷைலி என்னும் நிறுவனம் இருந்தது. அதைத் தொடங்கிய டொனால்ட் ஷைலி ஒரு பொறியாளர். சுவீடனைச் சேர்ந்த பியோர்க் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய வால்வு நற்பெயர் பெற்றிருந்தது. 1979இல் ஷைலி நிறுவனத்தைப் பைசர் என்னும் மருந்து நிறுவனம் வாங்கியது. அவ்வாண்டில் திருத்திய வடிவம் ஒன்று விற்பனைக்கு வந்தது. அதில் தகட்டைத் தாங்கும் கம்பியை வளையத்தோடு பற்றவைத்திருந்தார்கள். சிலருக்கு அப்பற்று இதயத்தினுள்ளேயே முறிந்தது. உலகெங்கும் சுமார் 86,000 பேருக்கு வைக்கப்பட்ட அவ்வால்வால் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். 1986இல்தான் விற்பனை முற்றிலும் நின்றது. முதல் முறிவுச் செய்திகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டன. அங்கே படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பொறியாளர், மருத்துவர், வணிகர் அனைவரும் இருந்தனர். விற்பனையை உடனே நிறுத்தச் சொல்லி அதை நடத்தி வைக்கும் வலிமைதான் எவர் கையிலும் இல்லை. சித்ரா வால்வின் சட்டம் ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்தெடுக்கப்படுகிறது. பற்றவைப்பு என்பதே அதில் இல்லை. இச்செய்தியை அறிந்தபின்தான் பெரியம்மாவின் நெஞ்சொலி எனக்கு அச்சம் தராததாயிற்று.

ஆதலால் உயர் அலுவலர் பக்கத்தைப் படிக்கும்போது தரக்கட்டுப்பாட்டுத் தலைவரின் பெயரையே நான் முதலில் தேடுகிறேன். அவர் யாருக்குக் கணக்குச் சொல்பவர்? விற்பனைத் தலைவரின் கீழ் இருப்பவரா, நேரே நிருவாக இயக்குநரிடம் பேசக்கூடியவரா? பட்டங்களைவிட இது முக்கியம் என்பது என் கருத்து.

நம் சட்டமும் இதனைச் சிறிது தொட்டிருக்கிறது. இதய வால்வு, கண்வில்லை முதலிய பத்து வகைக் கருவிகள் 2005இல் மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2017இல் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டு, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் அச்சட்டத்தின் வரம்புக்குள் அடங்கின. உற்பத்தியை மேற்பார்வை செய்பவர் பொறியியலிலோ, மருந்தியலிலோ, உரிய விஞ்ஞானத்திலோ பட்டம் பெற்று இரண்டாண்டு அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும். பட்டயம் மட்டும் பெற்றவராயின் நான்காண்டு அனுபவம் வேண்டும். தலைவர் எவராயிருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அவர் எங்கிருந்தும் வரலாம்.

எங்கிருந்தும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே இன்னொரு சான்று உண்டு. அரசுப் பணியாளனாகிய எனக்கு அது தனிப்பட்ட முறையில் சுவையானது. சித்ரா நிலையத்தில் கண்டறியப்பட்ட மற்றொரு பொருள் குருதி சேமிக்கும் பை. முன்பெல்லாம் குருதியைக் கண்ணாடிப் புட்டிகளில் சேமித்தனர். உடையாத, கிருமி புகாத பையைச் செய்யும் முறையை நிலையத்திலிருந்து பெற்றுத் தொழிலாக்கியவர் சி. பாலகோபால். அவர் மருத்துவர் அல்லர், பொறியாளரும் அல்லர். மணிப்பூரில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணிபுரிந்தவர். 1983இல் அப்பதவியைத் துறந்து தொழில் தொடங்கினார். ஐ.ஏ.எஸ். பதவியைத் துறப்பதா என்று உறவினர் எவ்வளவு வாதிட்டிருப்பார்கள் என்பதை, அரசு வேலையின் அருமை தெரிந்த நம் குடும்பத்தார்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. அவர் நிறுவனம் 1999இல் ஜப்பானின் டெருமோவுடன் இணைந்தது. கோப்பு நடத்தவும், உரிமம் பெறவும், வங்கியோடு பேசவும், தொழிலாளரை அரவணைக்கவும் தெரிந்த ஒருவர் பொறியாளர் கூட்டத்துக்கு நடுவே எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சென்னையின் டிரைவிட்ரான் நிறுவனத்தை 1997இல் தொடங்கிய ஜி. எஸ். கே. வேலு மருந்தியல் பட்டதாரி. மருந்தியலிலிருந்து விற்பனைக்கும், விற்பனையிலிருந்து உற்பத்திக்கும் செல்வது இத்துறையில் நன்கு நடந்து தேய்ந்த பாதையாகும்.

மதுரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருப்பதியிலும் இன்று அரவிந்த் கண் மருத்துவமனை இருப்பதால், இப்பக்கத்துத் தமிழர் பலர் கண்ணில் மதுரையில் செய்த வில்லை இருக்கக் கூடும். வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். வாதநோயால் கைவிரல்கள் முடங்கியபோதும் அக்கைகளாலேயே கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள் வைக்கும் வில்லை அந்நாளில் அயல்நாட்டிலிருந்து வர வேண்டும். விலை நூறு டாலர் அளவில் இருந்தது. பணம் உடையவர்க்கு வில்லை, இல்லாதவர்க்குத் தடித்த மூக்குக்கண்ணாடி என்ற நிலை. அதனை மாற்ற 1992இல் அரோலேப் தொடங்கப்பட்டது.

அதன் பின்னிருந்தவர்களின் பின்னணியைக் கவனியுங்கள். மூலவர் கண் மருத்துவர். தொழிற்சாலையை நடத்தியவர் டாக்டர் பி. பாலகிருஷ்ணன்; அவர் பெற்ற டாக்டர் பட்டம் மருத்துவத்தில் அன்று, அமெரிக்காவில் பெற்ற பொறியியல் கல்வியின் பயன். நிருவாகத்தில் துணை நின்ற ஆர். டி. துளசிராஜ் கல்கத்தாவில் மேலாண்மை பயின்று, தனியார் வேலையை விட்டு வந்தவர். வில்லை செய்யும் நுட்பத்தை மதுரைக்குக் கொண்டுவரத் துணை நின்ற டேவிட் கிரீன் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்தவர். வில்லைகளைக் கையாளும் நுண்பணியைச் செய்பவர்களோ பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். அலுவலர் பக்கத்தில் அவர்கள் பெயர் இடம்பெறாது. ஆயினும் வில்லையில் ஒரு கீறல் இருந்தால் அதை முதலில் காண்பவை அவர்கள் கண்களே. வில்லையின் விலை சில டாலராகக் குறைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளை மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ அனுப்புவதே வழக்கமாக இருக்கிறது. இடம் கிடைக்காத பிள்ளை கூனிக் குறுகுகிறது. உயிரைக் காக்கும் தொழிலில் மருந்தியல் படித்தவருக்கும், உலோகம் படித்தவருக்கும், கணக்கும் சட்டமும் படித்தவருக்கும் இடம் இருப்பதை அப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கருவியோடு வரும் கையேட்டை நோயாளியின் மொழியில் பிழையின்றி எழுத ஒருவர் வேண்டும். அவ்விடத்தில் கலைப் பட்டதாரிக்கும் வேலை உண்டு. ‘நாளுக்கு ஒரு முறை’ என்பது அச்சில் ‘நாலு ஒரு முறை’ என்று மாறினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். இத்தகைய செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர் குருதி உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். அளவு குறைந்தால் உறையும், மிகுந்தால் கசியும்.

காணிப்பாக்கத்திலிருந்து சித்தூர் திரும்பிய பேருந்தில் பெரியம்மாவுக்கு இவற்றில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. எனக்கே அப்போது கொஞ்சம்தான் தெரியும். மீதியைச் சென்ற மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் சொன்னேன். கேட்டு முடித்ததும் உள்ளே சென்று, பழைய பணப்பையிலிருந்து அட்டை ஒன்றை எடுத்து வந்தார். வால்வு வைத்த நாளில் மருத்துவமனையில் கொடுத்த அட்டை. வால்வின் அளவும் வரிசை எண்ணும் அதில் இருந்தன. மை மங்கியிருந்தது. “அந்த எண்ணை ஒரு புதுத் தாளில் பெரிதாக எழுதிக் கொடு, தம்பி. நாளைக்கு யாராவது கேட்டால் நான் தேடக் கூடாது,” என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு, மடித்து, அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.